தெரிந்த கேள்வியில் நழுவும் புள்ளிகள்

எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வுத் தாள்களைத் திருத்தும் அறிவியல் ஆசிரியர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். வெற்றாக விடப்பட்ட இடங்கள் அவரை அவ்வளவாக வருத்துவதில்லை. படிக்கவில்லை, எழுதவில்லை, கணக்கு நேர். மூன்று வரி நிறைய எழுதி, எழுதியது அத்தனையும் அறிவியல்படி சரியாகவும் இருந்து, புள்ளி மட்டும் சுழியமாகப் போகும் விடைகள்தாம் வருத்துகின்றன. அந்த மாணவருக்குப் பாடம் தெரியும். ஆனால் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, கேட்காத வேறொரு கேள்விக்கு விடை எழுதியிருக்கிறார்.

இந்தக் கட்டுரை அப்படி நழுவும் புள்ளிகளைப் பற்றியது. உங்களுக்கு இது முன்னைய மாணவர்களைவிட அதிகம் தேவை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது, பி.டி.3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. உங்கள் அண்ணன், அக்காமார் எஸ்.பி.எம். மண்டபத்துக்குள் நுழையும் முன்பே இரண்டு முறை அரசாங்கத் தேர்வு எழுதிப் பழகியிருந்தார்கள். உங்களுக்கோ அதுவே முதல் தேர்வு. தேர்வுத்தாள் எப்படிக் கேட்கும், எதற்குப் புள்ளி தரும் என்ற பழக்கத்தை நீங்களாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

பார்த்தது வேறு, ஊகித்தது வேறு

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் நடந்ததை ஜொகூர் மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அருகிலிருந்த பள்ளிகளில் மாணவர்களுக்கு மூச்சுத்திணறலும் வாந்தியும் ஏற்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். மார்ச் 13ஆம் தேதி அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடும்படி கல்வி அமைச்சு உத்தரவிட்டது.

இந்தச் செய்தியை ஒரு தேர்வுக் கேள்வியாக எண்ணிக்கொள்ளுங்கள். 'ஓர் உற்றறிதலை எழுதுக' என்று கேட்டால் என்ன எழுதுவீர்கள்? பலர் 'காற்றில் நச்சு வாயு கலந்துள்ளது' என்றுதான் எழுதுவார்கள். அது உண்மைதான். ஆனால் உற்றறிதல் அன்று. நச்சு வாயுவை எவரும் கண்ணால் பார்க்கவில்லை. மூக்கு உணர்ந்தது நாற்றத்தை; கண் கண்டது வாந்தி எடுத்த மாணவர்களை. 'ஆற்றின் அருகே உள்ள பள்ளி மாணவர்களுக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது' என்பதே உற்றறிதல். அதற்குக் காரணமாக நாம் கருதுவது, அதாவது 'ஆற்றில் கொட்டப்பட்ட கழிவிலிருந்து நச்சு வாயு வெளியாகியிருக்கிறது' என்பது, ஊகித்தல். எந்த வாயு என்று சொல்வதற்குக் கருவி கொண்டு அளக்க வேண்டும். அந்த அளவு வந்த பிறகு, கருவி காட்டும் எண்ணும் ஓர் உற்றறிதலாகிவிடும்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு உற்றறிதல், ஊகித்தல் ஆகிய இரண்டு சொற்களும் நான்காம் ஆண்டிலேயே பழக்கம். இடைநிலைப்பள்ளியில் அவையே 'பெமெர்ஹாத்தியான்', 'இன்ஃபெரென்ஸ்' என்று பெயர் மாறி வருகின்றன. பெயர் மாறியதும் பலர் பொருளையும் கைவிட்டுவிடுகிறார்கள். எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் பார்த்து, 'இதை எந்தப் புலனால் அல்லது எந்தக் கருவியால் அறிந்தேன்?' என்று கேளுங்கள். விடை இருந்தால் அது உற்றறிதல். 'இதை நான் யோசித்துச் சொல்கிறேன்' என்றால் அது ஊகித்தல்.

சமையலறையில் ஒரு தேர்வுத்தாள்

அடுத்த மூன்று தவறுகளையும் தோசை மாவை வைத்தே விளக்கிவிடலாம். ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிக் குவளைகளில் 50 மில்லிலீட்டர் புதிதாக அரைத்த மாவை ஊற்றுகிறோம். ஒன்றை 10 பாகை செல்சியசிலும், இன்னொன்றை 25 பாகையிலும், மூன்றாவதை 35 பாகையிலும் வைக்கிறோம். ஆறு மணி நேரம் கழித்து மாவு முறையே 1 செ.மீ., 3 செ.மீ., 6 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

'மாவு பொங்கியது' என்று உற்றறிதல் எழுதுபவர் உண்டு. எந்த மாவு? எவ்வளவு? அட்டவணையில் எண்கள் கொடுக்கப்பட்டிருப்பது அவற்றைப் பயன்படுத்தத்தான். '35 பாகை செல்சியசில் வைத்த மாவு 6 செ.மீ. உயர்ந்தது, 10 பாகையில் வைத்தது 1 செ.மீ. மட்டுமே உயர்ந்தது' என்று எழுதுங்கள்.

கருதுகோளில் விழும் அடி இன்னும் பலமானது. 'வெப்பநிலை மாவின் உயரத்தைப் பாதிக்கும்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். எப்படிப் பாதிக்கும்? கூட்டுமா, குறைக்குமா? திசை சொல்லாத கருதுகோள் பாதிக் கருதுகோள். 'வெப்பநிலை 10 பாகையிலிருந்து 35 பாகை வரை கூடக்கூட மாவின் உயரமும் கூடும்' என்பதில் நாம் மாற்றியது இருக்கிறது, அதனால் மாறியது இருக்கிறது, இரண்டுக்கும் உள்ள தொடர்பும் இருக்கிறது. நாம் மாற்றுவது தற்சார்பு மாறி, இங்கே வெப்பநிலை. அதன் விளைவாக மாறுவது சார்பு மாறி, இங்கே மாவின் உயரம். மாவின் கொள்ளளவு, குவளையின் அளவு, வைத்த நேரம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். 'மாவு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அது மாறியே அன்று, பொருள். அளக்கக்கூடிய ஒன்றைத்தான் மாறி என்கிறோம்.

(நான்காவது குவளையை 70 பாகையில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? மாவு பொங்காது. நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டில் இறந்துவிடும். அதனால்தான் கருதுகோளில் 'வரை' என்ற சொல்லைச் சேர்த்தேன். தேர்வில் அட்டவணையைத் தாண்டி அளந்துவிடாதீர்கள்.)

மூன்றாவது தவறு நன்றாகப் படிக்கும் மாணவர்களையே அதிகம் பிடிக்கிறது. 'நொதித்தலுக்கு டெஃபினிசி செச்சாரா ஒப்பெராசி தருக' என்று கேள்வி வரும். செயல்முறை வரையறை என்று பொருள். பாடநூலை நன்கு படித்தவர் உடனே, 'நொதித்தல் என்பது நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சிதைத்துக் கார்பன் டைஆக்சைடை வெளியிடும் செயல்' என்று அழகாக எழுதிவிடுவார். பாடநூல் வரையறை கேட்டிருந்தால் முழுப் புள்ளி. இங்கே கிடைக்காது. செயல்முறை வரையறையில் இரண்டு மட்டுமே வரும்: இந்தச் சோதனையில் நீ என்ன செய்தாய், என்ன கண்டாய்? 'நொதித்தல் என்பது, அரைத்த மாவை வெவ்வேறு வெப்பநிலையில் ஆறு மணி நேரம் வைக்கும்போது அதன் உயரம் கூடுவது' என்றால் போதும். கேட்பதற்கு அறிவு குறைந்த விடைபோலத் தோன்றும். அதுதான் சரியான விடை.

வினைச்சொல்லுக்குக் கீழே ஒரு கோடு

கேள்வியின் முதல் சொல் பெரும்பாலும் ஒரு கட்டளை. 'ஞாத்தாகான்' என்றால் குறிப்பிடு. ஒரு சொல்லோ ஒரு வரியோ போதும். 'தெராங்கான்' என்றால் விளக்கு. ஏன், எப்படி என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். 'பண்டிங்கான்' என்றால் ஒப்பிடு. இரு பொருள்களையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பேச வேண்டும்.

குனோங் லேடாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜொகூரின் மிக உயர்ந்த மலை, 1,276 மீட்டர். அதன் உச்சியில் நீர் ஏறக்குறைய 96 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். 'உச்சியில் நீரின் கொதிநிலைக்கு என்ன ஆகும்? குறிப்பிடுக' என்றால் 'குறையும்' என்ற ஒரு சொல் போதும், ஒரு புள்ளி. 'விளக்குக' என்று கேட்டு, பக்கத்தில் மூன்று புள்ளி என்று போட்டிருந்தால் மூன்று கண்ணிகள் உள்ள சங்கிலி வேண்டும்: உயரே போகப்போகக் காற்றழுத்தம் குறைகிறது, நீராவியின் அழுத்தம் அந்தக் குறைந்த காற்றழுத்தத்துக்குச் சமமாவதற்கு முன்னைவிடக் குறைந்த வெப்பநிலையே போதும், ஆகவே நீர் 100 பாகைக்கு முன்பே கொதிக்கிறது. 'மலை உயரமாக இருப்பதால், அங்கே குளிராக இருப்பதால்' என்று இரண்டு வரி எழுதுபவர் ஒரு கண்ணியைக்கூடத் தொடவில்லை. குளிருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஒப்பிடும் கேள்வியில் இன்னொரு பழக்கத் தவறு உண்டு. 'தமனியின் சுவர் தடிப்பானது. சிரையில் வால்வுகள் உண்டு' என்று எழுதுவார்கள். சுவருக்குச் சுவர், வால்வுக்கு வால்வு என்று வர வேண்டும். தமனியின் சுவர் தடிப்பு, சிரையின் சுவர் மெலிது. அவ்வளவுதான் ஒரு வேறுபாடு.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஆறு ஆண்டுகள் தமிழில் அறிவியல் படித்தது உங்களுக்குச் சுமை அன்று. கருத்துகள் தாய்மொழியில் ஊன்றியிருக்கின்றன. ஆனால் தேர்வில் அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ இறக்கி வைக்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் சொற்கள் புரண்டுவிடுகின்றன. 'சுஹு' என்பது வெப்பநிலை, 'ஹாபா' என்பது வெப்பம். வெப்பமானியில் 'ஹாபா'வை அளந்ததாக எழுதினால் தவறு. பேச்சுத் தமிழில் எல்லாவற்றையும் எடை என்கிறோம். தேர்வில் கிலோகிராமில் வருவது பொருண்மை, 'ஜிசிம்'. நியூட்டனில் வருவதே எடை, 'பெராட்'. மூன்று பத்திகள் போட்ட ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தமிழ், மலாய், ஆங்கிலம். நொதித்தல், ஆவியாதல், சவ்வூடு பரவல் என்று பாடத்துக்குப் பத்துச் சொல் போதும். எஸ்.பி.எம். அறிவியல் தாள் இரு மொழியிலும் அச்சிடப்படுகிறது என்பதையும் மறவாதீர்கள். மலாய் வரியில் ஒரு சொல் தடுக்கினால் அதற்குக் கீழே உள்ள ஆங்கில வரியைப் பாருங்கள். பலர் பார்ப்பதே இல்லை.

அலகு இல்லாமல் பறந்த விமானம்

அலகை எழுத மறப்பதைச் சின்னக் கவனக்குறைவு என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானத்தில் இருந்த 69 பேரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். கனடா அப்போது பவுண்டிலிருந்து கிலோகிராமுக்கு மாறிக்கொண்டிருந்தது. விமானமோ புத்தம் புதிய போயிங் 767. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. ஆகவே தொட்டியில் இருப்பதை அளவுகோலால் அளந்து கணக்குப் போட்டார்கள்.

கணிப்பொறியை எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். தொட்டியில் இருந்தது 7,682 லீட்டர். ஒரு லீட்டர் எரிபொருளின் பொருண்மை 0.803 கிலோகிராம். அப்படியானால் கையிருப்பு ஏறக்குறைய 6,169 கிலோகிராம். இன்னும் 16,131 கிலோகிராம் வேண்டும். லீட்டரில் சுமார் 20,088. அவர்களோ 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அதுவும் சரியான எண்தான். ஆனால் அது ஒரு லீட்டர் எரிபொருளின் பொருண்மை பவுண்டில். 7,682ஐ 1.77ஆல் பெருக்கி வந்த 13,597ஐக் கிலோகிராம் என்று எண்ணிக்கொண்டு, மீதிக்கு வெறும் 4,917 லீட்டரை ஊற்றினார்கள். பெருக்கலில் பிழையில்லை, கழித்தலில் பிழையில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு மட்டும் இல்லை.

நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயின. விமானி ராபர்ட் பியர்சன் மிதவை விமானம் ஓட்டிப் பழகியவர். அந்த அனுபவத்தால் கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டிருந்த பழைய விமானத்தளத்தில் இறக்கினார். எவரும் இறக்கவில்லை.

உங்கள் தாளில் இதே தவறு சிறிய உருவில் வரும். 1.5 கிலோவாட் மின்கேத்தல் 10 நிமிடம் ஓடினால் எவ்வளவு ஆற்றல் என்று கேட்டால், 1.5ஐப் பத்தால் பெருக்கி 15 ஜூல் என்று எழுதிவிடுகிறார்கள். 15 ஜூலில் ஒரு கோப்பைத் தேநீர்கூடச் சூடாகாது. கிலோவாட்டை வாட்டாக்கி, நிமிடத்தை வினாடியாக்கி, 1,500ஐ 600ஆல் பெருக்க வேண்டும்: 900,000 ஜூல். சூத்திரம், பிரதியீடு, அலகோடு விடை என்று மூன்று வரியையும் காட்டுங்கள். கடைசி வரி பிழைத்துப் போனாலும் முன் வரிகளுக்குப் புள்ளி உண்டு.

வரைபடத்திலும் அலகே முதல் கேள்வி: இரண்டு அச்சுகளிலும் மாறியின் பெயரும் அலகும் இருக்கின்றனவா? அளவுத்திட்டத்தை 3, 7 என்று எடுக்காதீர்கள்; புள்ளி குறிக்கும்போது நீங்களே திணறுவீர்கள்.

112 வினாடி

முதல் தாளில் 40 கேள்விகளுக்கு 75 நிமிடம். இரண்டாம் தாளில் 80 புள்ளிகளுக்கு 150 நிமிடம். வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் ஒரு புள்ளிக்கு 112 வினாடிக்குச் சற்று மேல்தான் வருகிறது. இரண்டு புள்ளிக் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதுபவர், கடைசிப் பிரிவில் 22 புள்ளிக்கு வேண்டிய 40 நிமிடத்தை அங்கே செலவழித்துவிடுகிறார். அந்தப் பிரிவில் இரண்டு கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடமும் உண்டு. முதல் வரி தெரிந்த கேள்வி என்று உடனே தொடங்காதீர்கள். அதிகப் புள்ளி கடைசி உட்கேள்வியில் இருக்கும். இரண்டையும் கடைசி வரி வரை படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

புறவயக் கேள்விகளில் தவறான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆகவே ஒன்றையும் வெற்றாக விடக்கூடாது. ஒரு கேள்வியைத் தாண்டிப் போனால் விடைத்தாளிலும் அந்த எண்ணைத் தாண்டியிருக்கிறீர்களா என்று பத்துக் கேள்விக்கு ஒரு முறை சரிபாருங்கள்.

தேர்வு நெருங்கும்போது 'இந்த ஆண்டு வரப்போகும் கேள்விகள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தாள்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அவற்றைப் பயிற்சிக்குச் செய்யலாம், மனனம் செய்யக் கூடாது. பயிற்சித் தாளில் மெழுகுவத்தி எரிந்தது, தேர்வில் தாவரம் வாடுகிறது. மனனம் செய்தவர் தாவரத்துக்கு மெழுகுவத்தியின் விடையை எழுதி வைப்பார்.

இப்போது ஒரு சிறு பயிற்சி. ஒரே அளவுள்ள இரண்டு கைத்துண்டுகளை நனைத்துப் பிழிகிறோம். இரண்டின் பொருண்மையும் 200 கிராம். ஒன்றை ஓடும் விசிறிக்குக் கீழேயும், மற்றதை அதே அறையில் காற்று படாத மூலையிலும் ஒரு மணி நேரம் தொங்கவிடுகிறோம். விசிறிக்குக் கீழ் இருந்தது 120 கிராம், மூலையில் இருந்தது 170 கிராம். உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், ஆவியாதலுக்குச் செயல்முறை வரையறை, ஒரு கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகிய ஐந்தையும் கீழே பார்க்காமல் எழுதுங்கள்.

எழுதிவிட்டீர்களா? உற்றறிதல்: ஒரு மணி நேரத்தில் விசிறிக்குக் கீழ் இருந்த துண்டின் பொருண்மை 80 கிராம் குறைந்தது, மூலையில் இருந்தது 30 கிராம் குறைந்தது. ஊகித்தல்: விசிறியின் காற்றோட்டத்தால் முதல் துண்டிலிருந்து அதிக நீர் ஆவியானது. கருதுகோள்: காற்றோட்டத்தின் வேகம் கூடினால் நீர் ஆவியாகும் வீதம் கூடும். செயல்முறை வரையறை: ஆவியாதல் என்பது, ஈரத்துண்டை ஒரு மணி நேரம் தொங்கவிடும்போது அதன் பொருண்மை குறைவது. கட்டுப்படுத்தப்பட்ட மாறி: துண்டின் அளவு, தொடக்கப் பொருண்மை, தொங்கவிட்ட நேரம், இவற்றில் ஏதேனும் ஒன்று. 'துண்டு' என்று மட்டும் எழுதியிருந்தால் தோசை மாவுப் பகுதிக்குத் திரும்பிப் போய் மீண்டும் ஒரு முறை படியுங்கள்.